பெரிய கிளாக்கர் வீட்டுப் புகைக்குழாய்

நுவரெலியாவில் நான் வேலை பார்த்த தகரப் பட்டறைக்கு அந்த மனிதர் வந்தபோது, ஒரு குளியல் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டேன். பத்து வருடமாகக் கேட்காத குரல். ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த குரல் அது.

அறுபதுகளின் தொடக்கம். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். அவர்கள் விட்டுப்போகும் மேசை நாற்காலிகளை ஏலத்தில் எடுக்கப் பெரிய கூட்டமே அலைந்தது.

"துரை பங்களா ஏலத்துல ஒரு இரும்பு அடுப்பு எடுத்தேன்," என்று அவர் முதலாளியிடம் சொன்னார். "விறகு போட்டா வீட்டு ஹோல் முழுக்கச் சூடாகும். புகை போற கொழாய் மட்டும் இல்ல. செஞ்சு மாட்டித் தருவீங்களா?"

பட்டறை முதலாளி ஒரு சிங்களவர். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். என்னைக் கைகாட்டி, "சிமினி வேலைக்கு இவர்தான். தேயிலை ஸ்டோர்ல டிரையர் கொழாயெல்லாம் செஞ்ச ஆளு," என்றார்.

அந்த மனிதர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, கன்னம் தொங்கியிருந்தது, மற்றபடி அதே ஆள்தான். "நல்லது பாஸ். எப்ப வந்து அளவெடுப்பீங்க?" என்று கேட்டார்.

தொழில்காரரை மரியாதையாகக் கூப்பிடும் பாஸ் என்ற சொல்லும் நீங்க என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கராக இருந்தபோது, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் நாங்கள் பேசுவோம். உள்ளேயிருந்து தலையைத் தூக்காமலே பதில் வரும். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் என் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

"நாளைக்கே வாறேங்க," என்றேன்.

நடந்தது இதுதான். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிறந்தேன். அங்கேயே தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் தகர வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டினேன். பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டிய நேரம் வந்தபோது, இந்தத் தோட்டத்தில்தான் இத்தனை காலமும் இருந்தோம் என்று ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. பெரிய கிளாக்கர் தர வேண்டும். "நாளைக்கு வா," என்றார். போனேன். "நாளைக்கு வா." பல மாதம் அப்படிப் போனது. பொறுக்க முடியாமல் ஒருநாள் ஸ்டோருக்குப் போகும் வழியில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையையே மறித்துச் சொல்லிவிட்டேன். துரை ஆபீஸுக்குள் போய் எல்லார் முன்னாலும் கிளாக்கரை ஏசினார். அன்று மத்தியானமே கடிதம் கைக்கு வந்தது. அதில் என் அப்பாவின் பெயர் தப்பாக எழுதப்பட்டிருந்தது. எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. மனுத் தள்ளுபடியான பிறகுதான், பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாத்தியார் பார்த்துச் சொன்னார். அது கை தவறி எழுதியதல்ல.

அதோடு அவர் விடவில்லை. பெரிய துரை லீவில் சீமைக்குப் போனார். போன கையோடு, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு எனக்கு வந்தது. ஸ்டோரில் ஆள் அதிகமாம், லயத்து வரிசை வீட்டில் நாங்கள் இருந்த காம்பராவைக் காலி பண்ண வேண்டுமாம். என் சம்சாரத்துக்குப் பிள்ளை பிறந்து அன்றைக்குப் பதினோராம் நாள். பெண் பிள்ளை. ஒரு கிழமை, ஏழே நாள், தவணை தாங்க என்று ஜன்னலில் நின்று கேட்டேன். உள்ளே அவர் பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் நல்ல மழை. இரண்டு காவல்காரர்கள் ஏணியோடு வந்து எங்கள் காம்பராக் கூரையில் ஏறினார்கள். நான் தகரக்காரன். ஆணி கழன்று தகரம் பெயர்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்புக்கு நேர் மேலே இருந்த இரண்டு தகரத்தையும் எடுத்துவிட்டார்கள். மழை நேராக நெருப்பில் விழுந்தது. பிள்ளைக்குக் காய வைத்திருந்த துணியெல்லாம் சாம்பல் தண்ணீரில் மிதந்தது. லயத்து ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற பெரிய கிளாக்கர், காவல்காரர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"போதும், எறங்குங்க. அடுப்பு அணைஞ்சிட்டா தானாப் போயிருவாங்க."

போனோம். இறம்பொடையில் சம்சாரத்தின் அக்கா இருந்த லயத்துக்குப் பாதி வழி லொறியிலும் பாதி வழி நடந்தும் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எட்டு நாள்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை.

இப்போது அந்த மனிதர், தன் ஹோலைச் சூடாக்க என்னைத் தேடி வந்திருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு சரிவில் வீடு கட்டியிருந்தார். முன்வாசல் இஸ்தோப்பில் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பெரிய ஹோல். சுவரில் துரைமாரோடு அவர் நிற்கும் படங்கள் மாட்டியிருந்தன. ஒரு மூலையில் அந்த அடுப்பு, நான்கு கால்களோடு, நல்ல கனத்த வார்ப்பு இரும்பு. அதைப் பார்த்ததும் தொழில்காரனாக எனக்கு ஆசை வந்ததை மறைக்கவில்லை.

"கொழாய நேரா மேல கொண்டுபோய்க் கூரையில வெளிய விடுறதுதாங்க நல்லது. புகை நல்லா இழுக்கும்," என்றேன். அதுவரை உண்மையைத்தான் சொன்னேன்.

"கூரையில ஓட்டை போடக் கூடாது பாஸ். ஒழுகும்."

கூரை ஒழுகுமாம். அவர் அதைச் சொன்ன விநாடியில் அளவு நாடாவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். "அப்ப சுவத்தோட நீளமாக் கொண்டுபோய் அந்தக் கடைசியில வெளிய விடலாங்க," என்றேன். "கொழாய் எவ்வளவு தூரம் ஹோலுக்குள்ள ஓடுதோ அவ்வளவு சூடு கெடைக்கும்."

அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அவர் சம்சாரம் பீங்கான் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

குழாய்த் துண்டுகளைச் செய்ய ஒரு கிழமை பிடித்தது. அந்த ஒரு கிழமையும் என்னென்ன நினைத்தேன் என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? குழாய்க்குள் ஒரு தகடு வைப்போம், புகையைக் கூட்டிக் குறைக்க. அதைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினால் முழுக்க அடைத்துக்கொள்ளும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். அந்தத் தகட்டை வெட்டியும் விட்டேன். இரண்டு நாள் பெட்டியில் வைத்திருந்தேன். பிறகு அதைச் சரியான அளவுக்குக் குறைத்தேன். மனம் இரங்கி அல்ல. பயம் ஒரு காரணம். இன்னொன்று, தூக்கத்தில் சுகமாகப் போய்ச் சேர்வது இந்த ஆளுக்குப் போதாது என்று பட்டது. அவர் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

தகரக் குழாயின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை சற்று ஒடுங்கியும் இருக்கும். ஒடுங்கிய முனை அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். விறகுப் புகை குளிர்ந்தால் தார் மாதிரி ஒரு கறுப்புத் தண்ணீராகிக் குழாயின் உள்பக்கம் வழியும். ஒடுங்கிய முனை அடுப்புப் பக்கம் இருந்தால் அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே இறங்கி, நெருப்பில் விழுந்து எரிந்துவிடும். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசியும். தெரியாதவர்கள் பார்த்தால் மாற்றி மாட்டியதுதான் சரியாகத் தெரியும். கூரைத் தகரம் போல மேல் துண்டு கீழ்த் துண்டை அழகாக மூடியிருக்குமல்லவா.

அத்தனை துண்டையும் மாற்றி மாட்டினேன். சுவரோரம் ஓடுகிற பகுதியை, வெளிப்பக்கம் போகப் போக உயர வேண்டியதை, நடுவில் ஒரு விரல் அளவு தொய்ய விட்டேன். நெருப்புப் பிடிக்கக்கூடிய இடத்தில் மட்டும் ஏமாற்றவில்லை. குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் மரச்சட்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி, சுற்றிலும் அஸ்பெஸ்டஸ் வைத்துக் களிமண் பூசினேன். அந்த அம்மா தேநீர் தந்தவர்.

முதல் தடவை அடுப்பு மூட்டியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். புகை அழகாக வெளியே போனது. வெளியில் பனிமூட்டம். ஹோல் கதகதப்பானது. அவர் உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டு, "துரை பங்களா மாதிரியே இருக்கு பாஸ்," என்றார்.

இரண்டு கிழமை கழித்துப் பட்டறைக்கு வந்தார். "கொழாயிலருந்து என்னமோ கறுப்பா ஒழுகுது. சுவரெல்லாம் பாழாப்போச்சு. எரிஞ்ச வீட்டுல மழை பேஞ்ச மாதிரி ஒரு நாத்தம். கொஞ்சம் வந்து பாருங்க."

முதலாளி அந்தக் கிழமை கண்டிக்குப் போயிருந்தார். நான் ஒரு வாளிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு வாங்க," என்றேன்.

மறுநாள் தூறலில் வந்தார். நாளைக்கு வாங்க என்றேன். அதற்கு மறுநாளும் வந்து, வெளியே வாங்குப் பலகையில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது. உண்மையாகவே சொல்கிறேன், பல வருடத்துக்குப் பிறகு ருசித்தது.

நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழேயும் சுண்ணாம்புச் சுவரில் கறுப்புக் கோடுகள் நீளநீளமாக இறங்கியிருந்தன. ஒரு கோடு துரைமார் படம் ஒன்றின் சட்டத்துக்குள் புகுந்து, படத்தில் சிரித்துக்கொண்டிருந்த கிளாக்கரின் மேல் சட்டையை நனைத்திருந்தது.

"விறகு ஈரங்க," என்றேன். அதுவும் முழுப் பொய்யில்லை. டர்பன்டைன் மரத்தை வெட்டிய சூட்டோடு எரித்துக்கொண்டிருந்தார். விறகைக் காயவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். காயவைத்தார். சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்தார். மறுபடி ஒழுகியது. மூன்றாம் முறை போனபோது ஆள் தளர்ந்திருந்தார். உள்ளூர் ஆட்கள் யாரும் அந்த நாற்றத்துக்கு வீட்டுப் பக்கம் வருவதில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல பாஸ். எனக்கு ஏன் இப்படி வருதுன்னு தெரியல."

நான் கந்தல் துணியால் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பார், எங்களில் யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வருவோம் என்று காத்திருந்தேன். அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

இதையெல்லாம் சம்சாரத்திடம் அதுவரை சொல்லவில்லை. அவள் அப்போது ஒரு மரக்கறித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. பழையதைக் கிளறினேன் என்று அழுவாள், அல்லது பாவம் என்று ஏசுவாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஆள் "கெடுதல் செஞ்சதில்ல" என்று சொன்ன அன்று அடக்க முடியவில்லை. சாயங்காலம் அவள் கரட் பாத்தி மண்ணைக் காலிலிருந்து கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே காலைக் கழுவி முடித்தாள். "எப்படி மாத்தி மாட்டினீங்க?" என்றாள்.

இரண்டு டம்ளரை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் காட்டினேன்.

"இப்பவும் ஒழுகுதா?"

"ஒழுகுது."

"இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கோவிச்சுக்குவேன்னு..."

"நான் பாக்கணும்," என்றாள். "ஞாயித்துக்கெழம போவம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்த கிளாக்கர், "என்ன பாஸ், இன்னைக்கு லீவு நாளாச்சே," என்றார்.

"சம்சாரம் அடுப்பப் பாக்கணும்னாங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். கறுப்புக் கோடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு முன்னால் கிடந்த அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். தோட்டத்தில் ஒரு கிளாக்கர் முன்னால் நாங்கள் யாரும் உட்கார்ந்தது கிடையாது. நான் வாசலோரமே நின்றேன்.

"குளிருதுங்க. வெறகு போடுங்க," என்றாள்.

அவர் சிரித்தபடி இரண்டு கட்டை எடுத்துப் போட்டார். கிறுக்கு என்று நினைத்திருப்பார்.

"பூண்டுலோயாவுல மேல் லயம், கடைசிக் காம்பரா," என்றாள் அவள். நெருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "மழையில கூரையப் பிரிச்சீங்க. அடுப்புக்கு நேர் மேல. எம் மடியில பொறந்து பன்னெண்டு நாளான புள்ள இருந்துச்சு. எட்டு நாளுதான் அப்பறம் இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"நான் பிரிக்கலம்மா. அது உத்தரவு. அந்த நேரம் எத்தனையோ பேர..."

"ஒங்களுக்கு எத்தனையோ பேரு," என்றாள். "எங்களுக்கு ஒரு புள்ள. வெறகு போடுங்க."

அவர் அசையவில்லை. சமையலறை வாசலில் அவர் சம்சாரம் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "போடுங்களேன்," என்று அந்த அம்மாதான் சொன்னார், மெதுவாக.

போட்டார். அது எரிந்து அடங்கியதும் இவள் மறுபடி சொன்னாள், மறுபடி போட்டார். குனிந்து நிமிர்ந்து அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் மேலே குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெரிந்துவிட்டது.

"இந்தக் கொழாய்... நீ வேணும்னு செஞ்சியா?" நீங்க போய் நீ வந்திருந்தது.

"ஆமா," என்றேன்.

"பொலிசுக்குப் போவேன்."

"போய்ட்டு வாங்க," என்றாள் சம்சாரம். "அதுவரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம். வெறகு மட்டும் போட்டுட்டுப் போங்க."

அவர் எங்கேயும் போகவில்லை. கூடையில் இருந்த விறகு முழுவதும் தீரும் வரை அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கட்டை கரியானதும் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

சரிவில் இறங்கும்போது, "சூடு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"கொழாய நேராக்கிக் குடுக்கட்டுமா?"

"வேணாம்."

அடுத்த கிழமை அவர் ஹட்டனிலிருந்து வேறொரு பாஸைக் கூட்டிவந்தார். அவன் குழாயின் ஒரு மூட்டைக் கழற்றியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டான். கிளாக்கர் எங்கள் முதலாளியிடம் வந்து முறையிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நான் வெட்டிய அந்தத் தகட்டைப் பற்றியும் சொன்னேன்.

"உன் பிள்ளைக்கு எனக்கு வருத்தம்," என்றார். "அந்த ஆள நீ ரோட்டுல மறிச்சு அடிச்சிருந்தா நான் உன் பக்கம் நின்னிருப்பேன். இது நம்ம பட்டறைக் கொழாய்."

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் என்னை எந்த வீட்டுக்கும் வேலைக்கு அனுப்பவில்லை. வாளி, தொட்டி, கூரைத் தண்ணீர் ஓடும் பீலித் தகரம் மட்டும்தான். பொலிசு வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. ஆனால் முதலாளி செய்தது நியாயம். அந்தக் குழாயை அவரே போய்க் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இனி ஒழுகாது," என்றார் திரும்பி வந்து. "ஆனா சுவத்துல ஊறினது ஊறினதுதான். எத்தன தரம் சுண்ணாம்பு அடிச்சாலும் மேல வரும். செங்கல் தெரியுற வரைக்கும் செதுக்கணும்னு சொன்னேன்."

"செதுக்கினாங்களா?"

"இல்ல. துணி தொங்கவிட்டு மறைச்சிருக்காங்க."

அன்று வீட்டுக்குப் போய் அதைச் சம்சாரத்திடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"என்ன நெறத் துணி?"

கேட்கவில்லை என்றேன். கேட்டுவரச் சொன்னாள். மறுநாள் தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மஞ்சள் என்றார். வந்து சொன்னேன்.

"மஞ்சள்ல கறுப்பு சீக்கிரமே தெரியும்," என்றாள்.